கொழிஞ்சாம்பாறைக்கும் ஒரு வால்டார்ஃப் வகுப்பு வேண்டும்

வால்டார்ஃப் பள்ளி என்று சொன்னாலே எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நினைவு வருவது, காசு உள்ளவர்கள் பிள்ளைகளைச் சேர்க்கிற, மரப்பொம்மையும் மெழுகு வண்ணக்கட்டியுமாக இருக்கிற நகரத்துப் பள்ளிக்கூடம். அதனால் அது யாருக்காகத் தொடங்கியது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1919-இல், போரில் தோற்று நொடிந்து கிடந்த ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் நகரத்தில் வால்டார்ஃப் அஸ்டோரியா என்று ஒரு சிகரெட் தொழிற்சாலை இருந்தது. அதை நடத்திய எமில் மோல்ட், தன் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி அமைத்துத் தரும்படி ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதியைக் கேட்டார். அந்த வருடம் செப்டம்பரில் 256 பிள்ளைகளோடு பள்ளி திறந்தது. ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில், ஆலைத் தொழிலாளி மகனும் வசதியான வீட்டு மகளும் பக்கத்தில் பக்கத்தில். அன்றைய ஜெர்மனியில் அது சாதாரண விஷயமே கிடையாது. அந்தச் சிகரெட் கம்பெனியின் பெயரைத்தான் இன்றைக்கு எழுபது நாடுகளுக்கு மேல் ஆயிரத்துக்கும் அதிகமான பள்ளிகள் சுமக்கின்றன.

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை எங்கள் ஊர், கள் இறக்குகிறவர்களும் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்களும் பிள்ளைகளைப் படிக்கவைக்கிற ஊர். அந்த முதல் பள்ளியில் உட்கார்ந்திருந்ததும் இந்த மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தான்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் என் தோழி. எங்கள் பக்கம் ஒரு எல்.பி. ஸ்கூலில், அதாவது தொடக்கப் பள்ளியில், தமிழ் மீடியம் டீச்சர். மும்பை பக்கம் கண்டாலாவில் வால்டார்ஃப் ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிக்கு ஒருமுறை போய் வந்தாள், அதிலிருந்து அவள் வகுப்பு மாறிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் 'ப' எழுத்தை அவள் முதலில் எழுதுவதில்லை. ஒரு கதை சொல்கிறாள், மழையில் ஒரு பள்ளம் நிரம்பி அதில் தவளை வந்து சேர்கிற கதை. மறுநாள் கரும்பலகையில் வண்ணச் சாக்பீஸால் அந்தப் பள்ளத்தை வரைகிறாள். அதற்கு அடுத்த நாள்தான் படத்துக்குள்ளிருந்து இரண்டு கரையும் ஒரு அடியுமாக 'ப' வெளியே வருகிறது. பிள்ளைகள் அதைத் தரையில் நடந்து பார்க்கிறார்கள், மணலில் போடுகிறார்கள், அப்புறம்தான் நோட்டு. எழுத்து படத்திலிருந்து பிறக்க வேண்டும் என்று ஸ்டைனர் சொன்னதுதான் இது. ஜெர்மன் பிள்ளைகளுக்கு அவர் மீனைக் காட்டி மீனின் முதல் எழுத்தைக் கொண்டுவந்தார், இங்கே அது பள்ளமும் தவளையும் ஆகிவிட்டது. சீனாவில் செங்டு நகரத்தில் 2004-இல் வால்டார்ஃப் பள்ளி தொடங்கியவர்களுக்கு இந்த வேலை இன்னும் சுலபமாக இருந்திருக்கும், மலை, நீர், மரம் என்று அவர்களுடைய பழைய எழுத்துகள் பலவும் படத்திலிருந்து வந்தவைதானே.

பாடமுறையின் மற்ற விஷயங்களை வேகமாகச் சொல்கிறேன். காலையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரே பாடம், அதையே மூன்று நான்கு வாரத்துக்குத் தொடர்வார்கள். பிள்ளைகள் தங்கள் பாடநூலைத் தாங்களே எழுதி வரைந்து செய்துகொள்கிறார்கள். வாசிக்கக் கற்பது ஏழு வயதை ஒட்டித்தான். ஒரே ஆசிரியர், முடிந்தால் எட்டு வருடம் அதே வகுப்போடு கூட வருவார். பையன்களும் பின்னல் வேலை செய்ய வேண்டும்.

ஏழு வயது என்று சொன்னதும் எங்கள் ஊர்ப் பெற்றோர் முகம் மாறிவிடும். எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமும் கோவைப் பக்கமும் போகிற ஸ்கூல் வேன்களில் மூன்றரை வயதுப் பிள்ளைகள் காலை ஏழு மணிக்குத் தூங்கி வழிந்துகொண்டு போகிறார்கள். எல்.கே.ஜி.யிலேயே நான்கு வரி நோட்டு. தோழியிடம் ஒரு அம்மா வந்து, "ஏனுங் டீச்சர், பக்கத்து வீட்டுப் பாப்பா இங்கிலீசுல பாட்டு எழுதுது, எம்பையன் இன்னும் தவளைக் கதைதான் சொல்லீட்டிருக்கறான்" என்று வருத்தப்பட்டிருக்கிறார். அந்த அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அவருடைய பயம் நியாயமானது, இங்கே தமிழ் மட்டும் படித்த பிள்ளைக்கு அரசு வேலைத் தேர்வு வரைக்கும் எத்தனை இடத்தில் தடுக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பையன் தவளைக் கதையை முழுசாக, முன்னுக்குப் பின் மாறாமல் சொல்கிறானே, வாசிப்புக்கு அதைவிட நல்ல அஸ்திவாரம் எது?

சரி, இந்தக் கல்வி உலகம் முழுக்கப் போனபோது என்ன நடந்தது என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. முதல் பத்து வருடத்திலேயே ஹேக், லண்டன், நியூயார்க் என்று பரவிவிட்டது. ஸ்டுட்கார்ட் பள்ளியை நாஜிகள் 1938-இல் மூடினார்கள், போர் முடிந்ததும் மறுபடி திறந்தது. இந்தியாவில் ஹைதராபாதின் ஸ்லோகா 1997-இல், மும்பையின் திரிதா 2000-இல். கோயம்புத்தூரில் யெல்லோ டிரெய்ன் பள்ளி இந்த வழியைத் தழுவி நடக்கிறது. பரவியது பெரிய விஷயம் இல்லை, எதையெல்லாம் மாற்றிக்கொண்டு பரவியது என்று பார்க்க வேண்டும். ஐரோப்பியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குத் தேவதைக் கதை, இரண்டாம் வகுப்புக்கு நீதிக்கதையும் கிறிஸ்தவப் புனிதர்கள் கதையும், மூன்றாவதில் பழைய ஏற்பாடு, நான்காவதில் வட ஐரோப்பியக் கடவுள்களின் புராணம். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளுக்குப் பிள்ளைகள் விளக்கு ஏந்திப் போவார்கள், குளிரும் இருட்டும் கூடுகிற மாதம் அங்கே. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பாலக்காட்டு வெயிலில் நடத்தினால் அது வெறும் நாடகமாகிவிடும்.

நன்றாக வேரூன்றிய இடங்களில் அந்த ஊர் ஆட்கள் தங்கள் பிரச்சினையிலிருந்து தொடங்கினார்கள். பிரேசிலில் சாவ் பாலோ நகரத்து வால்டார்ஃப் பள்ளியில் டீச்சராக இருந்த ஊட்டே கிரேமர் என்ற அம்மா, பக்கத்துச் சேரியிலிருந்து வந்து வாசல் கதவைத் தட்டிய பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அது 1979-இல் மோன்டே அசூல் என்ற அமைப்பாக ஆனது, இன்றைக்கு அந்தக் குடியிருப்பில் குழந்தைகள் காப்பகம், மருத்துவம், தொழிற்பயிற்சி எல்லாம் அதன் வழியாக நடக்கிறது. எகிப்தில் இப்ராஹிம் அபூலைஷ் 1977-இல் கெய்ரோவுக்கு வடகிழக்கே பாலைவனத்தில் செகெம் என்ற பண்ணையைத் தொடங்கினார், அங்கே பிறகு வந்த பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகளும் காப்டிக் கிறிஸ்தவப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். இதில் என் மனதை மிகவும் தொட்டது வட இஸ்ரேலில் ஹில்ஃப் என்ற அரபுக் கிராமத்தில் தொடங்கிய ஐன் புஸ்தான் மழலையர் பள்ளி. யூதப் பிள்ளைகளும் அரபுப் பிள்ளைகளும் ஒரே அறையில், ஹீப்ரு பேசும் டீச்சர் ஒருவர், அரபி பேசும் டீச்சர் ஒருவர். ஒருவர் பேசியதை மற்றவர் மொழிபெயர்த்துக்கொண்டே இருக்காமல், பாட்டிலும் விளையாட்டிலும் சாப்பாட்டு நேரத்திலும் இரண்டு மொழியும் காதில் விழுந்து ஊறுகிற மாதிரி.

எங்களுக்கு வேண்டியது இதுதான். சித்தூர் தாலுக்காவில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி என்று எங்கே போனாலும் வீட்டில் கொங்குத் தமிழ், கடையில் தமிழும் மலையாளமும் கலந்து, பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம். கேரளத்தில் 2017 சட்டத்துக்குப் பிறகு எல்லாப் பள்ளியிலும் மலையாளம் உண்டு, எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை, இங்கே வாழ்கிற பிள்ளைக்கு அது கட்டாயம் தெரிய வேண்டும். ஆனால் ஐந்து வயதில் மூன்று எழுத்து வரிசையை ஒரே நேரத்தில் நோட்டில் திணிக்கிறோம். முதலில் வீட்டு மொழியில் கதையும் எழுத்தும், மலையாளம் பாட்டாகவும் விளையாட்டாகவும் காதுக்கு மட்டும், பிறகு நிதானமாக அதன் எழுத்து என்று வைத்தால் இரண்டும் நிலைக்கும்.

பண்டிகை விஷயம் இன்னும் நுணுக்கமானது. உள்ளூர்ப் பண்டிகையைக் கொண்டாடுங்கள் என்று சொல்வது சுலபம். சித்தூர் பகவதி கோயிலில் கும்ப மாதத்தில் கொங்கன்படை நடக்கிறது, கொங்கு நாட்டிலிருந்து படையெடுத்து வந்தவர்களை அம்மன் அருளால் தோற்கடித்த கதை. ஊரே கூடுகிற பெரிய திருவிழா. ஆனால் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் கொங்குத் தமிழ் பேசுகிறவர்கள் என்றால் அந்தக் கதையில் அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள்? ஆறு வயதில் அந்தக் கேள்வி வேண்டாம் என்பது என் எண்ணம். ஐந்தாறாம் வகுப்பு வந்ததும் வரலாறாகச் சொல்லலாம், இரண்டு பக்கத்துப் பாட்டன்மாரும் எப்படிச் சொன்னார்கள் என்று விசாரித்து வரச் சொல்லலாம். சின்ன வகுப்புக்கு வேறு வழி இருக்கிறது. ஓணத்துக்கு அத்தம் தொடங்கிப் பூ பறித்துக் களமிடுகிறார்கள், தை மாதத்தில் எங்கள் வீட்டுப் பெண் பிள்ளைகள் பூநோன்புக்கு ஆவாரம்பூ பறிக்கப் போகிறார்கள். இரண்டும் பூ, இரண்டும் பாட்டு, இரண்டுக்கும் காட்டுக்குள் நடக்க வேண்டும். பருவத்தைப் பிள்ளையின் உடம்புக்குத் தெரியவைக்கிறதுதான் வால்டார்ஃப் பண்டிகைகளின் நோக்கம், அது இங்கே கையெட்டும் தூரத்தில் கிடக்கிறது. நான்காம் வகுப்பில் வட ஐரோப்பியப் புராணம் சொல்கிற இடத்தில் பொன்னர்-சங்கர் என்ற அண்ணன் தம்பியைப் பற்றிய கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையைச் சொல்லலாம். வீரமும் பிடிவாதமும் துரோகமும் சாவும் அதில் இல்லாததா? பின்னல் வேலைக்குக் கம்பளி நூல் வாங்கவே வேண்டாம், பனையோலைக் கொட்டானும் தென்னங்கீற்றும் முடையத் தெரிந்த கைகள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றன.

ஸ்டைனரை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனித இனங்களை மேல் கீழாக வைத்து அவர் பேசியவை இருக்கின்றன, படித்தால் நெஞ்சு எரிகிறது. ஜெர்மன் வால்டார்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பே 2007-இல் இனப் பாகுபாட்டுக்கு எதிராக வெளிப்படையாக ஓர் அறிக்கை வெளியிட்டது. சாதியால் இவ்வளவு அடிபட்ட நம் ஊரில் அந்தப் பகுதியை ஒரு சொட்டுக்கூட உள்ளே விடக் கூடாது. கதையையும் கைவேலையையும் நிதானத்தையும் எடுத்துக்கொள்வோம்.

அப்புறம் காசு. தனியார் பள்ளியாக வந்தால் கட்டணத்திலேயே தொழிலாளி பிள்ளை வெளியே நின்றுவிடும், 1919-இல் தொடங்கிய காரணமே செத்துப்போகும். நெதர்லாந்தில் இந்தப் பள்ளிகளுக்கு அரசே பணம் தருகிறது. அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தில், கறுப்பின மக்கள் அதிகம் வாழும் பகுதியில், 1991-இல் அரசுப் பள்ளியாகவே ஒன்றைத் திறந்தார்கள். நமக்கும் முன்னுதாரணம் உண்டு. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டைவழிக் கற்றல் முறையைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் எடுத்துக்கொண்டு, 2007 வாக்கில் அது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கப் போனது. குறைகள் இருந்தன, ஆனாலும் நல்ல முறை காசு உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்கிற விதி உடைந்தது. இங்கே அட்டப்பாடியில் 1980களிலேயே கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற ஆசிரியத் தம்பதி சாரங் என்று மலைமேல் ஒரு பள்ளியைத் தொடங்கி, மண்ணையும் மரத்தையும் வைத்துப் பாடம் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

அதனால் புதுக் கட்டடமும் பெயர்ப்பலகையும் வேண்டாம். பிள்ளைகள் குறைந்துகொண்டே வருகிற தமிழ் மீடியம் எல்.பி. ஸ்கூல்களில் ஒன்றாம் இரண்டாம் வகுப்பு மட்டும், இருக்கிற பாடத்திட்டத்துக்குள்ளேயே, காலை முதல் இரண்டு பீரியடை இப்படி நடத்த டீச்சர்களை விட்டால் போதும். தோழி ஒருத்தி தனியாகச் செய்துகொண்டிருப்பதை நான்கு பள்ளிகள் சேர்ந்து செய்ய வேண்டும், பெற்றோர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேட்க நாங்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம்.

அதுவரை சனிக்கிழமை காலையில் ஊர் வாசகசாலைத் திண்ணையில் கதைநேரம் நடத்தப் போகிறோம். வேலந்தாவளம், மேனோன்பாறைப் பக்கம் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் தெரியப்படுத்துங்கள், கொட்டான் முடையக் கற்றுத்தர மனமுள்ள பாட்டிகளும் வேண்டும். பெரிதாகச் சம்பளம் தர முடியாது, பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.