சிறுகுறிஞ்சானைச் சோதிக்கும் முன் துவர்ப்பை நீக்குங்கள்

கரட்டோரப் புதர்களில் படர்ந்து கிடக்கும் சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது. மணலைக் கடித்ததுபோல நறநறவென்றிருக்கும். நாக்கு பழைய நிலைக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கின் இனிப்பு உணர்விகளைத் தடுப்பதுதான் காரணம். ஊட்டியில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் 1887-லேயே அந்த அமிலத்தைப் பிரித்துக் காட்டினார். நாக்கில் இனிப்பை மறைப்பது வேறு, ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது வேறு. இந்த இலை நீரிழிவுக்கு உதவுமா என்று சோதிக்கும் பலர் சறுக்குவது இங்கேதான்.

அதற்கும் முன்னால், கையிலிருப்பது சிறுகுறிஞ்சான்தானா? அதே புதரில் நஞ்சறுப்பானும் ஏறியிருக்கும். அதுவும் எதிரெதிர் இலை விடும் கொடிதான். மென்றால் வாந்தி எடுக்கும். அதன் இலை சற்றுத் தடிப்பு, அடிப்பகுதி பெரும்பாலும் இதய வடிவில் உள்வாங்கியிருக்கும். சிறுகுறிஞ்சான் இலை பெரும்பாலும் 3 முதல் 5 செ.மீ.; நரம்புகளில் மெல்லிய மயிர் தட்டுப்படும்; பூ பொடிப்பொடியாக மஞ்சள் கொத்து. பூவோ காயோ இல்லாத கொடியைப் பறிக்க வேண்டாம். ஒரு கிளையைத் தாளிடையே அழுத்தி உலர்த்தி, இடமும் நாளும் எழுதி, கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற உலர்தாவரத் தொகுப்பில் ஒப்பிட்டுப் பாருங்கள். அது முடியும்வரை மென்று பார்க்கும் சோதனையே கூடாது.

இலையை நிழலில், கையில் நொறுங்கும் பதம் வரை காய வையுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும், பிறகு நீங்கள் அளப்பது பூஞ்சையின் வேலையாகவும் இருக்கலாம். 10 கிராம் தூளுக்கு 100 மி.லி. 70 சதவீத எத்தனால், 24 மணி நேரம் ஊறல், வடிகட்டி, 50 டிகிரிக்கு மேல் போகாமல் வற்ற வையுங்கள். கிடைத்த சாற்றின் எடையைக் குறிக்க மறந்தால் பின்னால் எந்தக் கணக்கும் போட முடியாது.

இனி நொதிச் சோதனை. முள்ளுக்காட்டுச் செடிகளில் பலவற்றுக்குத் துவர்ப்பு அதிகம். ஆவாரம்பட்டையில் தோலையே பதனிடுகிறோம். துவர்ப்பிலுள்ள டானின் எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும், நொதியும் புரதம்தான். அதனால், மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியான ஆல்ஃபா குளுக்கோசிடேஸின் வேலை நின்றுபோனதாகச் சோதனைக் குழாய் காட்டும், அது மருந்து வேலை அல்ல. சாற்றில், டானினைப் பிடித்துக்கொள்ளும் கரையாத தூளான பாலிவினைல்பாலிபைரோலிடோன் (PVPP) சேர்த்துக் கலக்கி, டானினை வடிகட்டிவிட்டு மறுபடி பாருங்கள். பலன் மறைந்துவிட்டால் காரணம் டானின்தான் என்று சந்தேகிக்க வேண்டும். பக்கத்திலேயே, இதே நொதியைத் தடுக்கும் நீரிழிவு மருந்தான அகார்போஸையும் அதே நாளில் ஓட்டுங்கள், ஒப்பிட ஒன்று வேண்டுமே.

டானினை நீக்கிய பிறகும் பலன் இருந்தாலும் அளவைப் பாருங்கள். ஒரு மி.லி.க்கு 1 மி.கி. சாறு தேவைப்பட்டால், 5 லிட்டர் ரத்தத்துக்கு 5 கிராம் சாறு. 10 கிராம் தூளில் 1.5 கிராம் சாறு கிடைக்கிறதென்றால், அது 33 கிராம் காய்ந்த இலை, அதுவும் முழுவதும் ரத்தத்தில் சேர்ந்தால்! ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் போலக் குடலுக்குள்ளேயே வேலை செய்யும் நொதி என்றால் கணக்கு வேறு, ஆனால் அதைச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

மனிதர்களிடம் பார்த்ததும் உண்டு. 1990-ல் வெளியான சென்னை ஆய்வில் 22 இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள், வழக்கமான மாத்திரையோடு தினம் 400 மி.கி. இலைச்சாறு, 18 முதல் 20 மாதங்கள். 5 பேரால் மாத்திரையை நிறுத்த முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 22 பேர் மிகக் குறைவு. மாத்திரை சாப்பிடுபவர் தானாக இலையைச் சேர்த்தால் சர்க்கரை ஒரேயடியாகத் தாழக்கூடும். மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கவே கூடாது.