ஐந்து கேள்விக்குறிகள்

ஜூன் 3, செவ்வாய்

காலை ரவுண்ட்ஸில் டாக்டர் கேட்டது ஒன்றுதான். 2016-இல் அப்பாவுக்கு எடுத்த ஆஞ்சியோ (இதயக் குழாய்ப் படம்) சிடி இருக்கிறதா? கிரியாட்டினின் 2.1. சிறுநீரகம் தாங்குமா என்று, மறுபடி ஆஞ்சியோவுக்கு டை ஏற்ற அவர் யோசிக்கிறார். பழைய படம் கிடைத்தால் ஸ்டென்ட் எங்கே இருக்கிறது, அன்றைக்கு மற்ற குழாய்கள் எப்படி இருந்தன என்று பார்த்துக்கொண்டு பிறகு முடிவெடுக்கலாமாம்.

சிடி பீரோவில் இருந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் முழுக்கக் கீறல். எந்த டிரைவும் படிக்கவில்லை. பரவாயில்லை, அப்பா அப்போதே பெட்டியில் ஏற்றிவிட்டார். பெட்டி என்றால் வீட்டு நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்ட் டிஸ்க் பெட்டி. கேஸ் ரசீதைக்கூட இரண்டு இடத்தில் வைக்கிற மனுஷர்.

ராத்திரி பெட்டியை ஆன் செய்தேன். பச்சை விளக்கு எரிகிறது, பிங் போகிறது. லேப்டாப்போடு இணைக்க மவுண்ட் கொடுத்தால் எரர் 112: ஹோஸ்ட் இஸ் டவுன். விளக்கு சிமிட்டிக்கொண்டு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறது. அது விழுந்துகிடக்கிறது என்று லேப்டாப் சாதிக்கிறது.

ஜூன் 4, புதன்

வார்டு வராந்தாவில் போனில் படித்தது. பெட்டி சாகவில்லை, பாஷைதான் ஒத்துவரவில்லை. நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பாஷையில் அதற்குத் தெரிந்தது எஸ்எம்பி 1 மட்டும். 2017 மே மாதம் வானாக்ரை ரான்சம்வேர் வந்து உலகத்தையே ஆட்டியது அந்தப் பழைய பாஷையின் ஓட்டை வழியாகத்தான். என் லேப்டாப்பில் ஓடுவது லினக்ஸ். அதே வருஷம் செப்டம்பரில் வந்த கெர்னல் (அதன் உள்கரு) 4.13 முதல் லினக்ஸ் தானாக அதைப் பேசாது. நாம் கேட்டால்தான் பேசும்.

கேட்டேன். மவுண்ட் கட்டளையில் வெர்ஸ்=1.0. எரர் 112 போய் எரர் 13 வந்தது. பர்மிஷன் டினைட்.

திட்டினாலும் பதில் சொல்கிறதே, அதுவே சந்தோஷம்.

ஜூன் 5, வியாழன்

"அப்பா, பெட்டிக்கு பாஸ்வேர்ட் என்னப்பா?"

ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிச் சொன்னார். பழைய பஜாஜ் ஸ்கூட்டர் நம்பர், ஒரு கமா, அப்புறம் அம்மா பெயரில் முதல் மூன்று எழுத்து. "கமாவை விட்றாதம்மா." அதற்குள் நர்ஸ் வந்து மாஸ்க்கை மாட்டிவிட்டாள்.

எரர் 13.

ஜூன் 6, வெள்ளி

ரத்தத்தில் சோடியம் 122, குறைவு. பேச்சு முன்னே பின்னே இருக்கும், பயப்படாதீங்க என்றார்கள்.

ஜூன் 7, சனி

என்னை அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தடவை.

கமாவைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். மவுண்ட் கட்டளையில் ஒவ்வொரு ஆப்ஷனையும் பிரிப்பதே கமாதான். பாஸ்வேர்டை அங்கேயே அடித்தால் கமாவோடு அது அறுந்துபோகும். ஸ்கூட்டர் நம்பர் மட்டும் பாஸ்வேர்டாகப் போகும், அம்மாவின் மூன்று எழுத்து தெரியாத ஆப்ஷனாகத் தனியே நிற்கும். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஆட்டோவிலேயே சிரித்துவிட்டேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கிரெடென்ஷியல்ஸ் ஃபைல் எழுதினேன். அதில் கமா பிரச்சினை இல்லை. யூசர்நேம் ஒரு வரி, பாஸ்வேர்ட் ஒரு வரி. வேறு யாரும் படிக்காதபடி சிஹெச்மாட் 600.

எரர் 13.

கெர்னல் எழுதிவைக்கும் டிமெசேஜில் லாகான் ஃபெயிலியர். அப்போ நம்பர் தப்பு. என்னை அத்தை என்கிறவர் 1994-இல் வாங்கிய ஸ்கூட்டர் நம்பரை எப்படிச் சரியாகச் சொல்லியிருப்பார்? கடைசி இரண்டு இலக்கத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஸ்பேஸ் விட்டேன். கேப்பிட்டல் எழுத்து. விடிய 3 மணி வரை ஒரு மனுஷரின் ஞாபகத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

பெங்களூரிலிருந்து தம்பி. "அக்கா, ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டி நேரா மாட்டு." பன்னிரண்டு வருஷப் பெட்டி. நீ வந்து ஸ்க்ரூ டிரைவரைத் தொடு என்றேன். அதோடு பேச்சு நின்றது. டிக்கெட் கிடைக்கலையாம்.

மதியம் ஆர்சி புக் கிடைத்தது. ரேஷன் கார்டு பிளாஸ்டிக் உறைக்குள். ஸ்கூட்டர் நம்பர் ஒரு இலக்கம் பிசகவில்லை.

அப்போ எரர் 13?

மாலையில்தான் பிடிபட்டது. போன வருஷம் லேப்டாப்பை உபுண்டு 22.04-க்கு மாற்றினேன். கெர்னல் 5.15. பாஸ்வேர்டைச் சரிபார்க்கப் பழைய என்டிஎல்எம் முறையில் கைகுலுக்குவதை அந்தக் கெர்னலிலிருந்தே அடியோடு எடுத்துவிட்டார்கள். செக்=என்டிஎல்எம் என்று கேட்டால் எரர் 22, இன்வேலிட் ஆர்க்யுமென்ட். கேட்காவிட்டால் புது முறையில் சுருட்டிய பாஸ்வேர்ட் போகிறது. பெட்டிக்கு அது விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்லவும் தெரியாமல், தப்பு என்கிறது.

பாஸ்வேர்ட் முதல் நாளிலிருந்தே சரி. சோடியம் என்னவாயிருந்தாலும்.

ஜூன் 9, திங்கள்

சோடியம் 131. தோசை கேட்டார்.

இரவு உபுண்டு 18.04-ஐ பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பினேன். கெர்னல் 4.15. அதற்கு இரண்டு பழக்கமும் உண்டு. மவுண்டுக்குத் தேவையான சிஃப்ஸ்-யூட்டில்ஸை மட்டும் இறக்கிக்கொண்டேன். வெர்ஸ்=1.0, செக்=என்டிஎல்எம், கிரெடென்ஷியல்ஸ். என்டர்.

ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போனது. இந்த மௌனத்துக்காக ஆறு ராத்திரி.

உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்க எல்எஸ் அடித்தேன். மற்றதெல்லாம் ஆங்கிலப் பெயர், பிழையில்லை. நடுவில் இரண்டு ஃபோல்டர் மட்டும்: ????? என்று ஒன்று, ????? என்று இன்னொன்று. உள்ளே போக விடவில்லை. தமிழில் பெயர் வைத்திருக்கிறார். யூனிகோடில் அப்பா என்றால் ஐந்து குறி, அம்மா என்றாலும் ஐந்து. எது யாரென்று சொல்ல வழியில்லை. அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. இருவரும் அங்கே ஒரே மாதிரி.

அன்மவுண்ட் செய்து, தமிழ் எழுத்து தெரிய ஐஓசார்செட்=யூடிஎஃப்8 சேர்த்தேன். அப்பா. அம்மா.

அம்மாவைத் திறக்கவில்லை.

காப்பி 60 சதவீதம் போனபோது கரண்ட் போனது. லேப்டாப் பேட்டரியில் நிற்கிறது, பெட்டியும் ரவுட்டரும் இல்லை. நகலெடுக்கிற சிபி கட்டளை உறைந்துவிட்டது. அதைக் கட்டாயமாக நிறுத்த கில் மைனஸ் 9 கொடுத்தும் அசையவில்லை. ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் பிஎஸ் காட்டியது டி என்று, எழுப்ப முடியாத தூக்கம். மீதி இடம் பார்க்க டிஎஃப் அடித்தால் அதுவும் போய் அதே வரிசையில் உட்கார்ந்துகொண்டது. இருட்டில் கொசுவோடு நானும்.

1:20-க்குக் கரண்ட் வந்தது. பெட்டி எழ மூன்று நிமிஷம். அதற்கப்புறம் சிபி தானாக நகர்ந்தது. நம்பாமல், முடிந்ததும் எம்டி5 (ஃபைலின் கைரேகை மாதிரி) போட்டு ஒவ்வொரு ஃபைலாக ஒப்பிட்டேன். எல்லாம் ஒத்துவந்தது.

டைகாம்டிர் என்ற பட அட்டவணை, அதன் கீழே பெயரில்லாத நம்பர்களாக 14 ஃபைல்கள். ஒன்றைத் திறந்தேன். 2016-இன் இதயம், கறுப்பு வெள்ளையில், மூன்று நொடி துடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறது.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் இன்று வரவில்லை. படம் ஏற்றிய பென்டிரைவ் என் பர்ஸில்.

வார்டில் அப்பாவுக்குச் சொன்னேன், லினக்ஸில் எஸ்எம்பி பேச சாம்பா என்று ஒன்று இருக்கிறது, எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வருகிற வார்த்தையை டிக்ஷனரியில் தேடி வைத்த பெயராம். "சம்பாவா? ஆறு மாசப் பயிராச்சே" என்றார். சிரித்ததில் இருமல் வந்தது, நர்ஸ் முறைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணை மூடியபடியே:

"கமா போட்டியா?"

போட்டேன்ப்பா.

ஜூன் 11, புதன்

காலை 7:10. படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். தம்பிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது, மதியம் இறங்குகிறான். வீட்டில் பெட்டியை அணைக்காமல் வந்துவிட்டேன், கரண்ட் வேறு