கும்மியை மெல்லப் பாடும்போது

வலி தணிப்புச் சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவர்களுக்கு மெல்லிய குரலில் பாடும் சேவையை நாங்கள் சிலர் கோவை நகரில் சேர்ந்து செய்து வருகிறோம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கேட் மங்கர் என்னும் பெண்மணி 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய குழுவினர், இருவர் மூவராகக் கட்டிலருகே அமர்ந்து, இசைக்கருவி எதுவுமின்றிச் சிறு பாடல்களைப் பாடுவார்கள். முறையை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம். பாட்டை இங்கேதான் தேட வேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் உயிர் பிரியும் நேரத்திலும் இழவு வீட்டிலும் சிவபுராணம் ஓதுவார்கள். நினைவு தெளிவாக இருக்கும் ஒருவரின் அருகில் அதைத் தொடங்கினால், மருத்துவர் சொல்லாத செய்தியை நாம் சொல்லிவிட்டதாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். தாமே விரும்பிக் கேட்பவருக்கோ அதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை. ஆகவே எதைப் பாடுவது என்பதை, பேச முடிகிற வரையில் நோயாளியிடமே கேட்கிறோம்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஆத்தா ஒருவர், "சாமி பாட்டு அப்புறம் ஆகட்டும் கண்ணு, வள்ளிக்கும்மி தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். வள்ளி முருகன் கதையைப் பாடி ஆடும் அந்தக் கும்மியை, அவர் சிறுமியாக இருந்த காலத்தில் ஆண்கள் மட்டுமே ஆடினார்களாம். இவர் ஓரமாக நின்று பார்த்ததோடு சரி. பெண்களுக்கும் அந்தக் கும்மியைக் கற்றுக்கொடுத்த கோவை மாவட்டத்து பத்ரப்பன் ஐயாவுக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. கும்மி கைத்தட்டலோடு விரைந்து ஓடும் பாட்டு. நாங்கள் தட்டலை விட்டுவிட்டு, அவருடைய மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, மூச்சு வெளியேறும் நேரத்துக்குள் ஓர் அடி முடியும்படி இழுத்துப் பாடினோம். அப்படிப் பாடியபோது அது தாலாட்டாகவே ஆகிவிட்டது. மூச்சு இடையில் நின்று மீண்டும் தொடங்கும் நிலையில் இருப்பவர்களுக்கு நாங்களும் அங்கே நிறுத்திக் காத்திருப்போம். புருவம் சுருங்கினால் சொற்களை விட்டு ராகத்தை மட்டும் முனகுவோம். அதன் பிறகும் முகம் தெளியவில்லையென்றால் பாடுவதையே விட்டுவிடுவோம்.

இறுதி நாள்களில் பதில் தர இயலாமற்போன நோயாளிகளின் மூளை மின்னலைகளைக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் பதிவுசெய்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களுள் சிலரின் மூளை அப்போதும் ஒலிகளுக்கு எதிர்வினை காட்டியதைக் கண்டது. கேட்டது புரிந்ததா என்பதை அது சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் பெயர் சொல்லி அழைத்து, அனுமதி கேட்ட பிறகே பாடத் தொடங்குகிறோம். கட்டிலருகே நின்று சடங்குச் செலவைப் பேசும் உறவினர்களைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போவதும் எங்கள் வேலையில் ஒன்றாகிவிட்டது.

வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் எங்களைப் போன்றோருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஓடும் பாட்டு, கேட்பவரின் மூச்சுக்காகத் தன் வேகத்தைக் குறைப்பதில்லை. குரல் நன்றாக இல்லையென்று தயங்கும் மருமகளோ பேரனோ பக்கத்தில் அமர்ந்து பாடினால் அதைச் செய்ய முடியும்.