காலி இடம்னு யாரு சொன்னது?

பாரம்பரிய இடங்களுக்கு வர்ற சுற்றுலாவுக்கு திட்டம் போடற வேலைல சேர்ந்த புதுசுல, மக்கள்கிட்ட கருத்து கேக்கறதுங்கறது எங்களுக்கு கடைசி வாரத்து வேலை. டிராயிங் முடிஞ்சு பட்ஜெட்டும் போட்டாச்சுன்னா, ஒரு ஹால்ல பிபிடி ஓட்டி கையெழுத்து வாங்கிட்டு வந்துடுவோம். அதுவும் வேலை நாள்ல காலைல 11 மணிக்கு, அந்த நேரத்துக்கு யாரு வருவா, வந்த பத்து பேர்ல பாதி ஏதாவது பதவில இருக்கறவங்க, அவங்க தலையாட்டினா ஊரே ஒத்துக்கிச்சுன்னு எழுதிடுவோம்.

ஒரு தடவ கூட்டம் கலையற நேரத்துல, பின்னாடி நின்ன ஒரு அம்மா மேப்ப காட்டி "தம்பி, இத காலி இடம்னு யாரு சொன்னது உங்களுக்கு?"ன்னு கேட்டாங்க. நாங்க பஸ் பார்க்கிங்னு குறிச்ச இடம் அது. சாட்டிலைட் படத்துல வெறும் மண்ணாத்தான் தெரிஞ்சுது. சாயங்காலம் போய் பாத்தா தெருப்பசங்க மொத்தமும் அங்கதான் விளையாடுது, யார் வீட்டு விசேஷம்னாலும் கூட்டம் கூடறதும் அங்கதானாம்.

ஷெரி ஆர்ன்ஸ்டைன்னு ஒரு அமெரிக்க கொள்கை ஆய்வாளர் 1969லயே மக்கள் பங்கேற்ப 8 படி ஏணியா எழுதிட்டாங்க. கருத்து மட்டும் கேட்டுட்டு போறது அதுல 4வது படி, முடிவெடுக்கறதுல நிஜமான பங்கு 6வது படிலதான் ஆரம்பிக்குது. படிச்சிருந்தேன், பரீட்சைக்கு. 1972ல வந்த யுனெஸ்கோவோட உலக பாரம்பரிய ஒப்பந்தத்துக்கான குழுவே 2007லதான் 'சமூகங்கள்'ங்கறத தன்னோட முக்கிய நோக்கங்கள்ல சேர்த்துச்சு, அதனால லேட்டு நாங்க மட்டும் இல்ல, ஆனா அத போய் அந்த அம்மாகிட்ட சொல்ல முடியுமா?

அப்புறம் பிபிடிய மூட்டை கட்டிட்டு பெரிய மேப்பா பிரிண்ட் எடுத்து, சாயங்காலங்கள்ல ஊர்க்காரங்களோடயே தெருத்தெருவா நடந்தோம். பெண்கள்கிட்ட தனியா உக்காந்து பேசினப்பதான் வாசல்ல இருக்கறவங்க மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டறது, வர்றவங்களுக்கு கழிப்பறை இல்லாம சந்துல ஒதுங்கறதெல்லாம் வெளிய வந்துச்சு. நாங்க அதிகமா பணம் ஒதுக்கின ஒலி ஒளி காட்சிய பத்தி ஒருத்தர் கூட வாயத் தொறக்கல! சண்டையும் வந்துச்சு, கடை வெச்சிருக்கறவங்களுக்கு பஸ் பக்கத்துல நிக்கணும், குடியிருக்கறவங்களுக்கு தூரமா நிக்கணும், வாடகைக்கு இருக்கறவங்களுக்கு கூட்டம் வந்தா வாடகை ஏறிடுமேன்னு பயம். ஊர் மக்கள்னா ஒரே குரல்னு நெனச்சது எங்க தப்பு.

பார்க்கிங் ஊருக்கு வெளிய போச்சு, கடைக்காரங்களுக்கு இன்னும் கோவம்தான். ரிப்போர்ட் படிவத்துல 'நடத்திய கூட்டங்களின் எண்ணிக்கை'ன்னு ஒரு கட்டம் இருந்துச்சு, கூட்டத்தால டிராயிங்ல என்ன மாறிச்சுன்னு எழுத கட்டமே இல்ல, அத நான் குறிப்புன்னு இருந்த எடத்துல இடுக்கி இடுக்கி எழுதிக் குடுத்தேன்.