சுவரொட்டியைக் கடைசியிலிருந்து படிப்பது

1801 ஜூன் 16 அன்று திருச்சி கோட்டையில் ஆற்காடு நவாபின் அரண்மனை வாசலிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும், ஆங்கிலேயரை எதிர்த்து எழச் சொல்லும் மருது பாண்டியரின் அறிக்கை ஒட்டப்பட்டது. ஜம்புத்தீவுப் பிரகடனம் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். ஆவண வேலையில் இதைக் கையில் எடுப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. நாம் படிப்பது கும்பினியின் (கிழக்கிந்தியக் கம்பெனியின்) பதிவேடுகளில் தங்கிய ஆங்கில மொழிபெயர்ப்பு. புழக்கத்தில் உள்ள தமிழ் வாசகம் அதிலிருந்து மறுபடி தமிழாக்கியது. அதை மேற்கோள் குறிக்குள் போட்டு மருதுவின் சொந்த வாக்காக அச்சிட்டால் பிழை.

ஓர் இடம் போதும். மக்களின் சாப்பாடு தண்ணீராகிவிட்டது என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. நீராகாரம் என்று எழுதினால் ஏழை வீட்டுக் காலைச் சாப்பாடு. வெறும் தண்ணீர் என்றால் பட்டினி. மூலத்தில் எது இருந்தது என்பதை ஆங்கிலத்தை வைத்துத் தீர்க்க முடியாது. இரண்டையும் அடிக்குறிப்பில் கொடுப்பதே நேர்மை.

தேதியிலும் சறுக்கும். அந்த ஆண்டின் தமிழ்ப் பெயர் துன்மதி, மாதம் ஆனி. ஆனால் துன்மதி 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்; 1741, 1861 இரண்டும் துன்மதிதான். ஆண்டுப் பெயரை மட்டும் நம்பி ஓலையையோ கடிதத்தையோ வரிசைப்படுத்தினால் ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும். ஆளும் நிகழ்வும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே ஆங்கிலத் தேதி போடவேண்டும்.

பலரும் நவாபைப் பழிக்கும் முற்பகுதியைத்தான் எடுத்தாள்கிறார்கள். வேலை தெரிந்தவர் கடைசிப் பத்தியை முதலில் படிப்பார். தாளைச் சுவரிலிருந்து கிழிப்பவருக்குப் பஞ்சமா பாதகம். எழுதத் தெரிந்தும் படியெடுத்துப் பரப்பாதவருக்குக் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம். உடன்படாத முஸ்லிமுக்குப் பன்றி ரத்தம் உண்ட பழி. வசவு போலத் தெரியும், உண்மையில் அது விநியோக ஏற்பாடு. கிளர்ச்சிக்காரர் கையில் அச்சகம் இல்லை. படிப்பவரே அடுத்த பிரதி எழுதினால்தான் சேதி ஊர் தாண்டும். தானக் கல்வெட்டின் ஓம்படைக்கிளவியை, அதாவது தானத்தைக் கெடுப்பவரைச் சபிக்கும் கடைசி வரிகளை, படித்துப் பழகியவருக்கு இந்த நடை புதிதாக இராது: தர்மத்தைக் காக்கச் சொன்ன சாபம் இங்கே காகிதத்தைக் காக்கிறது.

சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று கும்பினிப் படையின் பதவிகளை அறிக்கை அடுக்குவதையும் கவனிக்க வேண்டும். ஒட்டிய இடங்களில் ஒன்று கோட்டைக்குள் அரண்மனை வாசல் அல்லவா, அங்கே நின்று படிக்கக்கூடியவர்களில் அவர்களும் உண்டு.

கையெழுத்தில் பெயர் மருது பாண்டியன் என்று மட்டுமே. அது சகோதரர் இருவரில் இளையவரான சின்ன மருது என்பது ஆய்வாளர் கணிப்பு. ஆவண அட்டவணையில் அந்தக் கணிப்பைத் தனிக் கட்டத்தில்தான் எழுதவேண்டும்.