சிஜிஎல் இங்கிலீஷ்: எனக்கு ஒரு வருஷத்தை தின்ன இஃப் சென்டன்ஸ்

சிஜிஎல், அதாவது டிகிரி முடிச்சவங்களுக்கு எஸ்எஸ்சி நடத்துற மத்திய அரசு வேலை எக்ஸாம், அதோட ஃபைனல் லிஸ்ட்ல என் நம்பர் இருக்கு. இன்னும் நம்ப முடியல, ஆனா சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும். மேத்ஸ், ரீசனிங் பத்தி நிறைய பேர் சொல்லியாச்சு. நான் கண்டிஷனல் சென்டன்ஸ், அதான் 'இப்படி நடந்தா அப்படி'ன்னு இஃப் போட்டு வர்ற வாக்கியம், அதைப் பத்தி மட்டும்தான் சொல்லப்போறேன், ஏன்னா போன தடவை நான் கோட்டை விட்டது அதுலதான்.

அப்போ ரெண்டு மார்க்குக்கும் கம்மியா மிஸ் ஆச்சு. ரெஸ்பான்ஸ் ஷீட்டை திரும்ப எடுத்துப் பாத்தா, எரர் ஸ்பாட்டிங்ல, அதான் வாக்கியத்துல தப்பைக் கண்டுபிடிக்கிற கேள்வியில, "இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்" மாதிரி ஒண்ணு, அதுக்கு நோ எரர் போட்டு வச்சிருக்கேன். டியர் 2ல, அதாவது எக்ஸாமோட ரெண்டாவது கட்டத்துல, சரிக்கு 3, தப்புக்கு மைனஸ் 1, அப்போ அந்த ஒரே கேள்வியில 4 மார்க் போயிடுச்சு. அன்னிக்கு ராத்திரி தூங்கல.

கண்டிஷனல்ல ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்டுன்னு நாலு வகை போட்ட டேபிள் எனக்கு மனப்பாடம், அப்புறம் ஏன் தப்பாச்சுன்னு பல நாள் யோசிச்சேன். நான் தமிழ் மீடியம், தலைக்குள்ள ஓடுறது தமிழ். "தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்", பாருங்க, ரெண்டு பக்கமும் 'இரு' வருது, அதனால ரெண்டு பக்கமும் வுட் ஹேவ் வந்தா காதுக்கு சரியாவே கேக்குது. இங்கிலீஷ்ல இஃப் பக்கம் ஹேட் நோன் மட்டும்தான்.

இதைவிட மோசம் செகண்ட் கண்டிஷனல், அதான் இப்போ இல்லாததை இருந்தான்னு நெனச்சுப் பேசுறது. "பணம் இருந்தா குடுப்பேன்" இதை பர்ஸைத் திறந்து பாக்கப் போறவனும் சொல்வான், கையில காசே இல்லாதவனும் சொல்வான். தமிழ்ல ஒரே வாக்கியம். இங்கிலீஷ்ல முதல் ஆளுக்கு ஹேவ், வில் கிவ். ரெண்டாவது ஆளுக்கு ஹேட், வுட் கிவ். அந்த ஹேட் நேத்து கதை இல்ல, இப்போ இல்லைங்கிறதுதான் அதுக்கு அர்த்தம்.

நான் பண்ணது இதுதான். கோச்சிங் நோட்ஸை மூடிட்டு, வீட்டுல அம்மா பேசுறதை எழுதினேன். "மழை வந்தா துணியை எடு." "அப்பவே நிலத்தை வித்திருந்தா இவ்ளோ கடன் வந்திருக்காது." ஒவ்வொண்ணுக்கு பக்கத்துலயும் நடக்கலாம், இப்போ இல்ல, முடிஞ்சு போச்சு, இந்த மூணுல ஒண்ணு எழுதிட்டு அப்புறம்தான் இங்கிலீஷ்ல மாத்தினேன். தினம் பத்து, மூணு மாசம். குரூப் ஸ்டடி எனக்கு செட் ஆகாது, தனியா உக்காந்தாதான் மண்டையில ஏறும்.

மத்ததெல்லாம் சுருக்கமா:

- இஃப் பக்கத்துல வில், வுட் இருந்தா முதல் சந்தேகம் அங்கதான். "இஃப் யூ வில் வெயிட் ஹியர்"னு மரியாதையா கேக்குறப்போ வரும், அது வேற.
- அன்லெஸ் பின்னாடி நாட் பாத்தா உஷார், பெரும்பாலும் அதுதான் எரர்.
- ஹேட், வேர், ஷுட்னு வாக்கியம் ஆரம்பிச்சு கேள்விக்குறி இல்லையா, அங்க இஃப் ஒளிஞ்சிருக்கு. "ஹேட் ஐ நோன்" முன்னாடி திரும்ப இஃப் போட்டா தப்பு.
- "இஃப் ஐ வாஸ்" பேச்சுல ஓடும், எக்ஸாம்ல வேர் போடுங்க.
- "இஃப் ஐ ஹேட் ஜாயின்ட் லாஸ்ட் இயர், ஐ வுட் பி இன் டெல்லி நவ்" இது சரி. டேபிள்ல இல்லைன்னு அவசரப்பட்டு எரர் போட்டுடாதீங்க, முன்பாதி போன வருஷம், பின்பாதி இன்னிக்கு.

அம்மா பேச்சு எழுதின அந்த நோட்டு பத்திரமா இருக்கு, கேக்குறவங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்புறேன்.