அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தப்ப வார்டு சிஸ்டர் எங்களுக்கு கத்துக்கொடுத்தது

அப்பாவுக்கு மூளையோட வலது பக்கத்துல ஸ்ட்ரோக். கை கால் எப்ப வரும்னுதான் எல்லாரும் கேட்டுட்டு இருந்தோம், ஞாபகம், கவனம் இதெல்லாம் என்ன ஆகும்னு எங்க யாருக்கும் தோணவே இல்ல. அத முதல்ல கவனிச்சது வார்டு சிஸ்டர்தான்.

நாலாவது நாள் தட்டுல பாதி சாப்பாடு அப்படியே கிடக்கு. ஏம்ப்பா பசிக்கலயான்னா, அதான் எல்லாம் சாப்பிட்டாச்சேங்கறார். அடம் பிடிக்கிறார்னு எனக்கு கோவம். சிஸ்டர் ஒண்ணுமே பேசாம தட்டை அரைச் சுத்து திருப்பி வச்சாங்க, மீதியையும் சாப்பிட ஆரம்பிச்சுட்டார். அப்புறம் வெளிய கூப்பிட்டு சொன்னாங்க, கண்ணுல கோளாறு இல்லம்மா, இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே மூளை கணக்குல எடுக்கல, நெக்லெக்ட்னு பேருன்னு. அப்புறம் ஞாபகம், கவனம் எல்லாம் எப்படி இருக்குன்னு பாக்க எடுத்த மோகா டெஸ்ட்ல 30க்கு 17. அதுல கடிகாரம் வரைய சொன்னப்ப 12 நம்பரையும் வலது பாதிக்குள்ளயே நெருக்கி எழுதியிருந்தார், அந்த பேப்பர பாத்துட்டு காரிடார்ல நின்னு அழுதேன்.

தெரபிஸ்ட் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வருவாங்க, மத்த நேரமெல்லாம் கூட இருக்கறது நர்ஸ்தானே. மூஞ்சி தொடைக்கறப்ப கூட "இடது கை எங்கப்பா, தேடி எடுங்க"ன்னு சொல்லிட்டு அவர் எடுக்கற வரைக்கும் நிப்பாங்க. பேப்பர் படிக்க இடது ஓரத்துல சிவப்பு டேப் ஒட்டி, டேப் கண்ணுல படற வரைக்கும் தலைய திருப்பிட்டு அப்புறம் ஒவ்வொரு வரியையும் ஆரம்பிங்கன்னாங்க. எங்களுக்கு சொன்னது, அவருக்காக நீங்க பதில் சொல்லாதீங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, வரலன்னா சின்னதா ஒரு க்ளூ குடுங்க, தப்பா சொல்ல விட்டு திருத்தினா அந்த தப்புதான் பதியும்னு. இந்த பயிற்சி இருபது நிமிஷத்துக்கு மேல போனா அவருக்கு மூளை களைச்சுடும், உடனே நிறுத்திடுவாங்க. ஒரு ஷிஃப்ட்ல மட்டும் வேற நர்ஸ் நேரமில்லன்னு அவங்களே வேகமா ஊட்டி விட்டுட்டு போயிட்டாங்க, அடுத்த நாள் இந்த சிஸ்டர் போர்டுல தேதி கிழமைக்கு கீழ "தானே செய்ய விடவும்"னு பெருசா எழுதி வச்சாங்க.

ஒரு சாயங்காலம் திடீர்னு என்னையே யாருன்னு கேட்டார், இன்னொரு ஸ்ட்ரோக்கோன்னு உயிரே போயிடுச்சு. சிஸ்டர் உடனே டாக்டர கூப்பிட்டு, காலைல இருந்து யூரின் போறது சரியில்லன்னு சொன்னாங்க, டெஸ்ட் பண்ணா இன்ஃபெக்‌ஷன். அதனாலதான் அந்த குழப்பமாம், மருந்து ஆரம்பிச்ச மூணாவது நாள் தெளிஞ்சுட்டார். அந்த மாதிரி குழப்பம் திரும்ப வராம இருக்க கண்ணாடி, காது மெஷின் ரெண்டும் போட்டிருக்காரான்னு பாக்கணும், ராத்திரி லைட் அணைச்சு தூங்க விடணும், இதுக்கெல்லாம் அவங்க சண்டையே போடுவாங்க. இதெல்லாம் ட்ரீட்மென்ட்னே எனக்கு அது வரைக்கும் தெரியாது.

டிஸ்சார்ஜுக்கு முன்னாடி எல்லாத்தையும் என்னை அவங்க கண்ணு முன்னாடி செய்ய வச்சுதான் அனுப்பினாங்க. ஆறு மாசம் கழிச்சு அதே டெஸ்ட்ல 23. இப்ப சாப்பிட்டு முடிச்சதும் அவரே தட்டை ஒரு தடவை திருப்பிப் பாக்கறார், இடது கால் செருப்பு மட்டும் இன்னும் மறந்துடுது, நான் பத்து எண்ணிட்டு நிக்கறேன்.